இரு குன்று, இரு கை

கருங்கல்லில் ஒருவர் கை வைக்க, அது அப்படியே பதிந்துபோனது என்று சொல்லப்படும் இடங்கள் இரண்டைப் பார்த்திருக்கிறேன். ஒன்று சென்னையில், சைதாப்பேட்டையை ஒட்டிய சின்னமலை. சிறுவயதிலிருந்தே பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகிய இடம். இன்னொன்று ஐதராபாத்தின் வடகிழக்கில் உள்ள மௌலா அலி. செகந்திராபாத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது ஏறியது. சின்னமலைக் கை இயேசுவின் சீடர் தோமையாருடையது என்பார்கள். மௌலா அலியில் இருப்பது நபிகள் நாயகத்தின் மருமகன் அலியுடையது. நம்புகிறவர்களிடம் போய் வழக்காடுவது என் வேலை அல்ல. இரண்டு கதைகளும் எங்கே தொடங்குகின்றன, எதைச் சொல்கின்றன, எதை விழுங்கிவிடுகின்றன என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

காசிப்பேட்டைப் பக்கமிருந்து செகந்திராபாத் வரும் ரயில் மௌலா அலி நிலையத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறது. உள்ளூர்ப் பேச்சில் அது மௌலாலி. எஞ்சின் ஷெட், தொழிற்பேட்டை, அடுக்குமாடி வீடுகள் என்று சுற்றிலும் ஊர் அடைத்துக்கொண்டுவிட்டது. நடுவில் குன்று மட்டும் மொட்டைத் தலையாக நிற்கிறது. உச்சியில் தர்கா. படி ஏற வேண்டும், சில நூறு படிகள். மாமா லாலாகூடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல அத்தைக்கும் மௌலாலி வேற்று ஊர்த் தெய்வம் அல்ல. அவளுக்கு அவர் "அலி சாமி". "சும்மா ஏறக் கூடாதுடா, ஏதாவது வேண்டிக்கிட்டு ஏறு. பேசாம ஏறு, மூச்சு வாங்கும்" என்றாள். நான் பேசிக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்கியது.

மரபு சொல்லும் கதை இது. கோல்கொண்டாவை இப்ராஹிம் குதுப் ஷா ஆண்ட காலம் (1550–1580). அரண்மனையில் யாகூத் என்றொருவர் இருந்தார். அவர் ஒரு குவாஜாசரா. அதாவது ஆண்மை நீக்கப்பட்டு அந்தப்புரப் பணிக்கு வைக்கப்பட்டவர். உடல் நலமில்லாமல் கிடந்த ஓர் இரவு, பச்சை உடை அணிந்த ஒருவர் கனவில் வந்து, "மௌலா அலி உன்னை அழைக்கிறார்" என்று கூட்டிப் போகிறார். போன இடத்தில் ஒரு குன்றின் உச்சி. அங்கே அலி அமர்ந்திருக்கிறார், வலது கை ஒரு பாறைமேல் ஊன்றியிருக்கிறது. யாகூத் விழுந்து வணங்குகிறார். வாயைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. விடிந்ததும் குன்றைத் தேடிப் போனால், கனவில் கை ஊன்றிய இடத்தில் கைத்தடம். அந்தப் பகுதிக் கல்லைச் செதுக்கி எடுத்து, ஒரு பெரிய வளைவு கட்டி அதில் வைத்தார்கள். நாள் ரஜப் மாதம் 17, ஹிஜ்ரி 986. நம் கணக்கில் 1578ஆம் ஆண்டின் செப்டம்பர் வாக்கில் வரும். இன்றும் உருஸ் அந்த ரஜப் 17ஐ ஒட்டித்தான் நடக்கிறது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் அடக்கம். அலி தக்காணத்துக்கு வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் அடக்கமான இடம் ஈராக்கில் உள்ள நஜஃப் என்பது ஊரறிந்த செய்தி. இங்கே வந்தது கனவில், கண்டது இன்னார், கண்ட நாள் இது. கொண்டாடப்படும் தேதி அலி பிறந்ததும் அல்ல, இறந்ததும் அல்ல. அரண்மனை ஊழியர் ஒருவர் கனவு கண்ட தேதி. தேதியும் மரபு தந்ததுதான், கல்வெட்டு தந்தது அல்ல என்பதை மறக்கவில்லை. ஆனாலும், தான் எங்கே பிறந்தேன் என்று கதை தானே முன்வந்து சொல்லிவிடுகிறது. சான்று கேட்டுப் போகிறவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கனவுக்கு எந்த நீதிமன்றத்தில் சாட்சி கேட்பது?

பெயர்களையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். யாகூத் என்றால் மாணிக்கம். அரபு, பாரசீக உலகில் அடிமைகளுக்கும் அந்தப்புர ஊழியர்களுக்கும் முத்து, மாணிக்கம், அம்பர் என்று விலையுயர்ந்த பொருள்களின் பெயரை வைப்பது வழக்கம். தக்காணத்தின் புகழ்பெற்ற மாலிக் அம்பரின் பெயரும் அப்படி வந்ததுதான். பெற்றோர் வைத்த பெயரையும் பிறந்த மண்ணையும் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு நகையின் பெயரைக் கையில் கொடுத்தனுப்பும் ஏற்பாடு. 'மௌலா' இன்னும் சுவாரசியமானது. அரபியில் அது தலைவனையும் குறிக்கும், விடுதலை பெற்ற அடிமையையும் குறிக்கும். காப்பவன், காக்கப்படுபவன் இருவருக்கும் ஒரே சொல். நெருக்கம் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது என்பார்கள். நம்மூர் முஸ்லிம்கள் சொல்லும் வலி, அவுலியா, மௌலவி எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். 'முல்லா'வும் அதன் உருமாற்றம்தான். கதீர் கும் என்ற இடத்தில் நபிகள் அலியை 'மௌலா' என்று சொன்னபோது எந்தப் பொருளில் சொன்னார் என்பதுதான் ஷியா, சுன்னி இரு தரப்பும் நூற்றாண்டுகளாக நடத்திவரும் வாதம். அந்த வாதத்தின் நடுவே, எஜமானனும் அடிமையும் ஆகிய ஒரு சொல்லை, ஓர் அடிமைப் பெயர்க்காரர் மலைமேல் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தர்கா என்ற சொல்லும் இங்கே சற்று நெளிகிறது. தமிழில் தர்கா என்றதும் உள்ளே ஒரு சமாதி இருக்கும் என்று நினைப்போம். பாரசீகத்தில் அதற்கு வாசல், அரச சமுகம் என்பதுதான் பொருள். மௌலா அலியில் அலியின் சமாதி இல்லை. வாசல் மட்டும் உண்டு.

குதுப் ஷாக்கள் ஷியாக்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆசஃப் ஜாஹி நிஜாம்கள் சுன்னிகள். ஆனாலும் மலைக்குப் பெருஞ்சிறப்பு வந்தது நிஜாம் காலத்தில். அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் சந்தாவின் (1768–1824) சமாதி இருக்கிறது. தாய்க்காக அவர் எழுப்பிய கட்டடத்தின் பக்கத்திலேயே அவரும் அடங்கியிருக்கிறார். தாய் அவரைச் சுமந்திருந்தபோது இந்த மலையின் அருளால்தான் கரு தங்கியது என்று ஒரு கதை. எதிரே இன்னொரு குன்று, கதம் ரசூல். கதம் என்றால் காலடி. கைக்கு எதிரில் காலும் வந்து சேர்ந்துவிட்டது.

இனி சின்னமலை. மலை என்று சொல்வது மரியாதைக்குத்தான், ஒரு மேடு. அடையாறு பக்கத்தில் ஓடுகிறது. போர்த்துகீசியர் 1551இல் இங்கே தேவாலயம் கட்டினார்கள். அதற்கடியில் குகை. தலை குனிந்து, உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைய வேண்டும். உள்ளே பக்கவாட்டில் வெளிச்சம் வரும் ஒரு திறப்பு. எதிரிகள் துரத்தி வந்தபோது தோமையார் அந்த வழியாகத் தப்பிப் பரங்கிமலைக்குப் போனார், அப்போது பற்றிய கை பாறையில் பதிந்தது என்பது நம்பிக்கை. கை படும் இடமெல்லாம் கல் வழவழத்துப் போயிருக்கிறது. என் கையையும் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. விரல்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் வந்த அம்மாள், "அப்படி இல்ல தம்பி, இப்படி வையுங்க" என்று என் மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். பொருந்தியது.

மௌலா அலியோடு வைத்துப் பார்க்கும்போது இங்கே ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. இந்தக் கையை முதலில் கண்டவர் யார்? பெயர் இல்லை, நாள் இல்லை, கனவும் இல்லை. கதை நேராக முதல் நூற்றாண்டுக்குப் பாய்ந்துவிடுகிறது. கேரளக் கிறிஸ்தவர் மரபில் தோமையார் வந்தது கி.பி. 52, மயிலாப்பூரில் மறைந்தது 72. இந்த மரபு போர்த்துகீசியர் கட்டிவிட்டது என்று தள்ளிவிடவும் முடியாது. சோழமண்டலக் கரையில் தோமையாரின் அடக்க இடம் இருப்பதாக மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பதிவு செய்துவிட்டார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து அங்கே யாத்திரை வந்தார்களாம். அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்களாம். நம்மூர் வைத்தியம்தான், சந்தேகமில்லை.

மார்க்கோ போலோ கேட்ட கதையில் தோமையாரை யாரும் துரத்தவில்லை. அவர் காட்டில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். சுற்றிலும் மயில்கள். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் எய்த அம்பு குறிதவறி அவர் விலாவில் பாய்கிறது. மயிலாப்பூர் என்ற பெயருக்குள்ளேயே அந்தக் கதை உட்கார்ந்திருப்பதைத் தமிழ் தெரிந்தவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. குகை அதில் இல்லை, கைத்தடமும் இல்லை. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, போர்த்துகீசியர் கையில் அதே மரணம் கொலையாகிவிடுகிறது. பகைவர் துரத்துகிறார்கள், குகையில் ஒளிகிறார், தப்புகிறார், பரங்கிமலையில் ஜெபிக்கும்போது ஈட்டியால் குத்தப்படுகிறார். மயில் பறந்துவிட்டது; மதப்பகை வந்து அமர்ந்தது. விபத்துக்கு ஒளியும் குகை எதற்கு? துரத்தல் வந்தால்தான் ஒளிய இடம் வேண்டும். ஒளிந்தால்தான் தப்பும் திறப்பும், திறப்பில் பதிந்த கையும் வேண்டும். சின்னமலைக் கை எந்தக் கதைக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டால், அது ஏறத்தாழ எந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கும் என்பதும் ஓரளவு விளங்குகிறது.

பரங்கிமலைச் சிலுவையின் கதை இதற்கு நல்ல துணை. 1547இல் மலைமேல் தேவாலய வேலையின்போது எழுத்துகள் பொறித்த ஒரு கற்சிலுவை கிடைத்தது. படிக்க ஆள் இல்லை. உள்ளூர்ப் பிராமணப் பண்டிதர் ஒருவரை அழைத்தார்கள். அவர் தயங்கவே இல்லை. தோமையாரின் வரலாறு முழுவதையும் அதிலிருந்து வாசித்துக் கொடுத்துவிட்டார். கேட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதானே! பின்னாளில் அறிஞர்கள் பார்த்தபோது அது பஹ்லவி, இடைக்காலப் பாரசீகத்தின் எழுத்து. சிலுவையின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு சிறு வேண்டுதல் வாசகம், அவ்வளவுதான். முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததும் அல்ல. பல நூற்றாண்டுகள் பிந்தியது. அதற்காகச் சிலுவையின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. போர்த்துகீசியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாரசீகக் கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்து வழிபட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பண்டிதர் வாசித்துக் காட்டிய கதையைவிட, அவர் வாசிக்கத் தெரியாமல் விட்ட எழுத்தில்தான் சரக்கு அதிகம்.

பரங்கிமலை என்ற பெயரிலும் இதே இழுபறி. பிராங்க் என்ற ஐரோப்பிய இனத்தாரின் பெயர் அரபி, பாரசீகம் வழியாக வந்து தமிழில் பரங்கி ஆனது. வெள்ளைக்காரன் பரங்கி, அவனோடு வந்து இறங்கிய காய் பரங்கிக்காய். எனவே பரங்கி குடியேறிய மலை பரங்கிமலை என்பது ஒரு கட்சி. பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கி மலைதான் திரிந்தது என்று ஆதம்பாக்கம் நந்தீஸ்வரர் கோயிலை ஒட்டிய தலமரபு சொல்லும். மொழி நூல்படி முதல் கட்சிக்கு என் ஓட்டு. ஆனால் பழைய பெயர் ஒன்று இருந்து, அதன்மேல் புதுப்பெயர் வந்து ஒலி ஒற்றுமையால் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். மதுரைப் பக்கத்துப் பரங்குன்றத்தில் எந்தப் பரங்கியும் இல்லையே!

தலைநகர்களின் கதையும் சேர்த்துப் பார்க்கத் தக்கது. ஐதராபாத் நகரம் 1591இல் எழுந்தது. மௌலா அலியின் கை அதைவிடப் பதின்மூன்று ஆண்டு மூத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசில் இடம் கிடைத்தது 1639இல். சின்னமலைத் தேவாலயம் அதற்கு 88 ஆண்டு முந்தியது. இரண்டு நகரங்களும் கைகள் ஏற்கெனவே பதிந்திருந்த மண்ணில் வந்து இறங்கியவை. நகரப் பெயர்களிலும் தெளிவு கிடையாது. ஐதர் என்பது அலியின் பட்டப்பெயர், சிங்கம் என்று பொருள். ஆகவே நகரம் அலியின் பெயரால் ஆனது என்பார்கள் சிலர். நகரை எழுப்பிய சுல்தானின் காதலி பாகமதி ஐதர் மகால் ஆனாள், அவளால் வந்த பெயர் என்பார்கள் வேறு சிலர். மதராஸ், சென்னை இரண்டுக்கும் சொல்லப்படும் பெயர்க்காரணங்களைப் பட்டியலிட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மௌலா அலி நிற்பது ஐதராபாத்தின் கிரானைட் மேல், வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஆழத்தில் இறுகிய பாறை, மேலிருந்த சுமை அரிபட்டுப் போகப்போக, அழுத்தம் தளர்ந்து வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிகிறது. அதனால்தான் அந்த மொட்டைத் தலை. உரியும் பாறையில் மழைநீர் தேங்கும் இடங்களில் குழிகள் விழும். நிற வேறுபாடுகள் தெரியும். அவற்றில் முகமும் பாதமும் கையும் காண்பது மனிதக் கண்ணின் பழைய பழக்கம். இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சிப் பள்ளத்தைச் சிவனடியார் சிவனின் பாதமாகவும், பௌத்தர் புத்தரின் பாதமாகவும், முஸ்லிம்கள் ஆதமின் பாதமாகவும் கண்டார்கள். பள்ளம் என்னவோ ஒன்றுதான்.

சென்னைப் பக்கத்துப் பாறைக்கு வயது அதே அளவு, பெயர் மட்டும் வேறு: சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல் அது. கல்கத்தாவில் 1690களில் இறந்த கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் சமாதிக்கு இந்தப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1893இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தச் சமாதிக் கல்லைப் பார்த்து, உள்ளே அடங்கியவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். நம் ஊர்ப் பாறைக்கு, கல்கத்தாவில் புதைந்த வெள்ளைக்காரர் பெயர்! உலகில் எங்கே இந்த வகைக் கல் கிடைத்தாலும் இன்று அவர் பெயர்தான். இது போதாதென்று, சார்னோகைட் எப்படிப் பிறந்தது என்பதே ஒரு நூற்றாண்டுச் சண்டை. உருகிய குழம்பு ஆறி இறுகியது என்றார் ஹாலந்து. வேறு பாறை கடும் வெப்பத்தில் உருமாறியது என்றார்கள் பின்வந்தவர்கள். சில இடங்களில் கரியமில வாயு நிறைந்த திரவம் ஊடுருவி மாற்றியது என்றும் கண்டார்கள். ஒரே பெயருக்குள் பல பிறப்புகள் என்ற சமரசத்துக்கு இப்போது பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். கைக்கும் கல்லுக்கும் சொந்தக்காரர் யார் என்ற வழக்கு ஒரே மாதிரிதான் நடக்கிறது.

இரண்டு குன்றுகளைச் சுற்றியும் பெயர் தெரியாத பழைய மனிதர்கள் இருந்தார்கள். மௌலா அலிப் பகுதியில் இரும்புக் காலத்துப் பெருங்கற்படைப் புதைகுழிகள் கிடைத்தன. யாகூத்துக்கும் குதுப் ஷாக்களுக்கும் ஈராயிரம் ஆண்டு முந்திய இறந்தோர் அவர்கள். அவர்கள் இந்தக் குன்றை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது அவர்களோடு போயிற்று. சின்னமலையிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்தில் பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. உள்ளங்கைக்கு வாகாகப் பிடிக்கத் தட்டிச் செதுக்கியது. இந்த வட்டாரத்தில், கல்லில் மனிதக் கை விட்ட தடம் என்று எந்த மதத்தாரும் எந்த விஞ்ஞானியும் மறுக்காமல் ஒப்புக்கொள்ளும் தடம் அது ஒன்றுதான். அதற்கு உருஸும் இல்லை, திருவிழாவும் இல்லை.

என் வாக்கு யாகூத்துக்கு. சின்னமலைக் கதை வரலாறு என்று தன்னைச் சொல்லிக்கொள்வதால் ஒவ்வொரு தலைமுறையும் அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. கண்டவர்களின் பெயரும் அந்த அலைச்சலில் அழிந்துவிட்டது. மௌலா அலியில் கண்டவர் பெயரே மூலதனம். அந்தப் பெயரும் அவருக்குச் சொந்தமானதல்ல என்றாலும்.

கடைசியாக ஒன்று. இரண்டு குன்றுகளும் சில காலம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1640களில் கோல்கொண்டாப் படை தெற்கே இறங்கி இந்தக் கரையைப் பிடித்தது. 1662இல் போர்த்துகீசியரின் சாந்தோமும் அதன் கைக்குப் போயிற்று. 1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவை வீழ்த்தும் வரை, இடையிடையே பிரெஞ்சுக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அந்த ஆட்சி நீடித்தது. அதற்குப் பின் வந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், பாரசீக ஜூல்ஃபாவைச் சேர்ந்த ஆர்மீனிய வணிகர். தோமையார்மேல் பெரும் பக்தி கொண்டவர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தார். யாத்திரீகர் ஆற்றைக் கடக்க, சைதாப்பேட்டையில் 1726இல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். மாம்பலத்தின் பெயரை வெள்ளைக்காரர் வாயில் போட்டு மென்றதில் அது மர்மலாங் பாலம் ஆனது. 1751இல் சென்னையில் இறந்தபோது உடலை இங்கே புதைத்து, இதயத்தை மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். பாலம் போய், அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. உஸ்கான் நட்ட நினைவுக்கல் மட்டும் சைதாப்பேட்டைச் சாலையோரம், பேருந்துப் புகைக்கு நடுவே இன்னும் நிற்கிறது. தோமையாரின் குன்றுக்கு வழிகாட்டும் அந்தக் கல்லில் ஆர்மீனியமும் லத்தீனும் பொறித்தார். கூடவே கோல்கொண்டா அரண்மனையில் யாகூத்தின் காதில் விழுந்திருக்கக்கூடிய பாரசீகத்தையும் பொறித்தார்.